உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: நோயின்றி நெடுநாள் வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு அப்போது 61 வயது. காலையில் காபி டம்ளரை எடுத்தவர் வாய்வரை கொண்டுபோகவில்லை. டம்ளர் நழுவி வேட்டியில் கொட்டியது. "சுடுது" என்றுகூடச் சொல்ல வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வார்த்தை குழறியது. மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தம் மேல் எண்ணே 200-ஐத் தாண்டியிருந்தது. "கடைசியா எப்ப பிபி பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "நான் ஒரு மாத்திரை போட்டதில்ல" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகும் பதினோரு வருடம் இருந்தார். அந்தப் பதினோரு வருடமும் சட்டைப் பட்டனை அம்மாதான் போட்டுவிட்டார். வலது கை மடியில் அப்படியே கிடக்கும். நீண்ட ஆயுள் என்று யார் பேசினாலும் எனக்கு அந்தச் சட்டைப் பட்டன்தான் நினைவுக்கு வரும். எண்பது வயதிலும் நம் பட்டனை நாமே போட்டுக்கொள்ள வேண்டும், நம் தட்டை நாமே கழுவ வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

எந்தப் பழம் சாப்பிட்டால் ஆயுள் கூடும், எந்தக் கஷாயம் குடித்தால் நூறு வயது என்று தேடி வந்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். நம் வீடுகளில் ஆயுளைக் குறைப்பவை சத்தம் போடாத சில சங்கதிகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, உட்கார்ந்தே இருப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஒன்றின் தலைமையில் நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. இவர்களில் நிறையப் பேருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியாதது போலவே.

ஆகவே முதல் வேலை சாப்பாட்டில் இல்லை.

படி 1: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வீட்டில் 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் நான்கு விஷயங்கள் போதும்: ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அதன் மூன்று மாத சராசரியும் (HbA1c), கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு.

இடுப்புக்குத் தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வரும் உடம்பு நம்மிடம் சகஜம். எடை மெஷினில் ஏறி "நார்மல்தான்" என்று இறங்கிவிடுவோம். டேப்தான் உண்மையைச் சொல்லும்.

சர்க்கரையில் வெறும் வயிற்று அளவு 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். இடையில் இருப்பது வாசற்படி. மூன்று மாத சராசரியில் 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5 முதல் நோய். வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதை நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கிருந்து திரும்பி வர முடியும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், வாசற்படியில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மட்டும் மாற்றியவர்களில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 26 சதவீதம். அந்த ஆய்வு நம்மைப் போன்ற உடம்பில், நம்மைப் போன்ற சாப்பாட்டில் நடந்தது என்பதால் எனக்கு அதில் தனி நம்பிக்கை.

ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தப்பாக அளந்தால் அளக்காததற்குச் சமம். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குவதானால் மேல்கையில் பட்டை சுற்றும் வகையாக வாங்குங்கள். மணிக்கட்டு வகை வேண்டாம். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பு காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்மானமாக இருக்கும் நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால்மேல் கால் போடாதீர்கள், பாதம் தரையில் பதியட்டும். கையை மேஜைமேல், நெஞ்சு மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டை சட்டைத் துணிமேல் இல்லாமல் வெறும் தோலில் இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை எடுங்கள். காலையிலும் மாலையிலுமாக ஒரு வாரம் இப்படி எழுதிவைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளந்து 135/85-ம் அதற்கு மேலும் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

மெஷின் வாங்க வசதியில்லை என்றால் பரவாயில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் இரண்டும் இலவசமாகப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அடுத்த வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று: மாத்திரை ஆரம்பித்து அளவு இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துபவர்கள் நம்மில் ஏராளம். அளவு இறங்கியது மாத்திரையால்தான். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொன்னால் மட்டும்.

படி 2: உப்பு

எங்கள் வீட்டில் புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதுவோம். இந்த ஒரு பழக்கம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை வேறெந்த அறிவுரையும் கற்றுக்கொடுக்கவில்லை.

கணக்கு எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிஸ்கட், சிப்ஸ், கடை ஊறுகாய், ஓட்டல் சாப்பாடு இவற்றில் வரும் உப்பு தனி என்பதால் உண்மையில் இரண்டு மாதம் வந்தால்தான் சரி. எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 26 நாளில் காலியானது. நாங்கள் "உப்பு கம்மியாத்தான் போடுறோம்" என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். நாக்கு பழக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் வாரம் சாதம் வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்துங்கள். குழம்பில் இருப்பதே போதும். இரண்டாம் வாரம் சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய் பாட்டிலையும் எடுத்து அலமாரிக்குள் வையுங்கள். ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து குழம்பு, பொரியலில் போடும் உப்பில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். ரசத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகட்டும்.

கடைகளில் பொட்டாசியம் கலந்த குறைந்த சோடிய உப்பு கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இதற்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இந்துப்பு, கல் உப்பு போன்றவை பேருக்குத்தான் வேறு. அவற்றிலும் பெரும்பகுதி சோடியம் உப்புதான்.

படி 3: தட்டு

நம் சாப்பாட்டில் கெட்டது எதுவும் இல்லை. அளவுதான் தலைகீழாகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ளத்தான் காய். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டலில், 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. எல்லாம் சமைக்கும் முன் எடை. நம் சாம்பாரில் ஆளுக்கு 20 கிராம் பருப்பு தேறினால் பெரிது.

இதை அடுப்படி மொழியில் சொன்னால்: தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் பாதி இடத்தைப் பிடிக்கட்டும். கால் பங்கு சுண்டலோ, கெட்டிப் பருப்போ, முட்டையோ, மீனோ. மீதிக் கால் பங்குதான் சாதம். பரிமாறும் வரிசையை மாற்றுவது இன்னும் சுலபம். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால், அதே சாப்பாட்டில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். எங்கள் வீட்டில் இப்போது உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் பொரியல்தான் வரும், சாதம் அப்புறம்.

சர்க்கரைக்குப் பயந்து கேழ்வரகுக் களிக்கும் சப்பாத்திக்கும் மாறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவையும் மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் பெரிய உருண்டையாக இரண்டு களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள். காபிக்கு இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று காபி குடித்தாலே 30 கிராம் ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாலாவது வாரம் பழைய காபி தித்திப்பாகத் தெரியும். பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்ற பழமொழியில் பொருள் இருக்கிறது. மெதுவாக மென்று சாப்பிடும்போது வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்து அது நடக்காது.

படி 4: நடை

1940-களின் கடைசியில் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒரு கேள்வியோடு கிளம்பினார்: மாரடைப்பு யாருக்கு அதிகம் வருகிறது? அவர் எடுத்துக்கொண்டது மாடி பஸ்களை. ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வசதி. 1953-ல் அவர் வெளியிட்ட முடிவில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த நடத்துநர்கள் யாரும் 'எக்சர்சைஸ்' செய்யவில்லை, வேலை செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று மிரள வேண்டாம். அந்த எண், 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களிடம் 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் கூடிக்கொண்டே போய், அதற்குமேல் பெரிதாக மாறவில்லை. இப்போது 2,000 அடி நடக்கும் ஒருவர் 4,000-க்குப் போவதுதான் இதில் பெரிய லாபம்.

எப்படி ஆரம்பிப்பது? ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிடம். தெருவில் வெளிச்சமும் நாய்த் தொல்லையும் பிரச்சினை என்றால் மொட்டை மாடி போதும். சாப்பிட்டபின் நடக்கும்போது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் சேருங்கள். அப்புறம் காலையில் இருபது நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். வாரத்துக்கு 150 நிமிடம் இப்படியே வந்துவிடும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடை வலித்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ நின்றுவிடுங்கள். அதை வாயு என்று சோடா குடித்துச் சமாளிக்காமல் அன்றே ஈசிஜி எடுங்கள்.

படி 5: தரையிலிருந்து எழுவது

பெரும்பாலோர் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டன் போடுவதும், கழிப்பறையிலிருந்து எழுவதும், கீழே விழாமல் இருப்பதும் தசையின் வேலை. நாற்பதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 2012-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், 51 முதல் 80 வயது வரையிலான சுமார் 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கை, முழங்கால் ஊன்றாமல் செய்தால் பத்துக்குப் பத்து. ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தவர்களிடம் அடுத்த ஆறேழு ஆண்டுகளில் இறப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது.

நம் பாட்டிகள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வாழ்ந்தார்கள். டைனிங் டேபிளும் சோபாவும் வந்தபின் அந்த உட்கார்ந்து எழும் பழக்கம் நம் நாளிலிருந்து காணாமல் போய்விட்டது. முட்டி வலி இல்லாதவர்கள் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் கெட்டியான நாற்காலியில் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருங்கள். பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது. வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம் போதும்.

கூடவே குளியலறைச் சுவரில் கொத்தனாரை வைத்து ஒரு கைப்பிடி பதித்துவிடுங்கள். வயதானவர்கள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

படி 6: புகையிலை, பாக்கு, சாராயம்

பிரிட்டனில் மருத்துவர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். ஆனால் 60 வயதில் விட்டவர்களுக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50-ல் விட்டவர்களுக்கு ஆறு, 40-ல் விட்டவர்களுக்கு ஒன்பது. "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லும் மாமாவுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

வெற்றிலை பாக்கு நம் மரபு என்பதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப்புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பது இருக்கட்டும். தினமும் கன்னத்தில் அடக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

படி 7: தூக்கம்

ஏழு மணி நேரம். படுக்கும் அறையிலிருந்து செல்போன் சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள், பாதி வேலை முடிந்தது. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவரைக் கேலி செய்யாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

படி 8: மனிதர்கள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று, இளைஞர்கள் சிலரை முதுமைவரை பின்தொடர்ந்தது. எண்பது வயதில் யார் நலமாக இருந்தார்கள் என்று பார்த்தபோது, ஐம்பது வயதில் இருந்த கொழுப்பு அளவைவிட, அப்போதைய உறவுகளில் அவர்களுக்கு இருந்த திருப்தியே அதைச் சரியாக முன்கூட்டிச் சொன்னது.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாக, பெரிய வீட்டில் இருவர் மட்டும் இருக்கும் தெருக்கள் நம்மிடம் பெருகிவிட்டன. அங்கே தினம் ஒருவர் ஒருவரைப் பார்த்துப் பேச ஒரு காரணம் வேண்டும்: கோயில் பிராகாரம், நூலகம், வாக்கிங் கூட்டாளி, எதுவானாலும். காது கேட்பது குறைந்தால் பேச்சிலிருந்து மனிதர் மெல்ல ஒதுங்கிவிடுவார். கவனிக்காத காது மந்தம் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கண்ணாடி போடுவது போலக் காது மெஷின் போடுவதும் இயல்பாக வேண்டும்.

எந்த வரிசையில் தொடங்குவது?

எட்டையும் திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை ஒன்றும் மிஞ்சாது. முதல் வாரம் நோட்டும் எண்களும் மட்டும். அதே வாரம் உப்புப் பாக்கெட்டில் தேதி. இரண்டாம் வாரத்தில் ராத்திரி பத்து நிமிட நடை. ஒரு மாதம் கழித்துத் தட்டு. அதற்கடுத்த மாதம் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. புகைப்பவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்த வரிசை வேண்டாம், அது முதல் நாள் வேலை. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இதை எழுதி வையுங்கள்: வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால், அந்த நிமிடமே 108. எப்போது ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். எங்கள் வீட்டில் அன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.